ஜப்பானிய விரைவு மோட்டாரும் அதன் சக்கரங்களும்

அமெரிக்க ஐக்கிய நாட்டில் உத்தியோகத்திலிருக்கும் நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவர், பல்லாண்டுகளாகச் சேர்த்த பொருளைக் கொண்டு, இளமை முதல் தாம் விரும்பிய ஜப்பானிய விரைவு மோட்டார் வண்டியொன்றை வாங்கக் கருதினார். "படத்தில் புதிதுபோல் மின்னுகின்றது, முன்பணம் அனுப்பிவிடலாமா?" என்று எம்மை எழுதிக் கேட்டார். "படத்தை மூடி வைத்துவிட்டு, ஏலச் சீட்டை அனுப்புக" என்று விடையெழுதினோம். அவருக்கு எழுதியவற்றையே ஈண்டுச் சற்று விரித்துரைக்கின்றோம். மூன்றாண்டிற்கு மேற்பட்ட பழைய வண்டிகளை இறக்குமதி செய்ய நம் நாட்டுச் சட்டம் பொதுவாக இடங்கொடாமையின், முற்பகுதி கடல் கடந்து வாழும் நண்பர்க்கே மிகுதியும் பயன்படும். சக்கரத்தைப் பற்றிய பகுதியோ மோட்டார் வண்டி வைத்திருப்பார் யாவர்க்கும் உரியது.

அவர் விரும்பிய வண்டி நிஸ்ஸான் கம்பெனியார் 1989 முதல் 1994 வரை செய்த ஸ்கைலைன் ஜி.டி.ஆர். ஆகும். ஆறு சிலிண்டர்களும் இரண்டு டர்போக்களும் உடைய 2.6 லிட்டர் யந்திரம் அதனை இயக்குவது. 280 குதிரைத் திறனுக்கு மேற்பட விளம்பரம் செய்வதில்லையென்று ஜப்பானிய மோட்டார்க் கம்பெனிகள் தமக்குள் ஓர் உடன்பாடு செய்து 2004 வரை அதனைக் கைக்கொண்டிருந்தமையால், இதற்கும் அவ்வெண்ணே கூறப்பட்டது. ஆஸ்திரேலியாவின் பாதர்ஸ்ட் பந்தயத்தை 1991, 1992 ஆகிய ஈராண்டிலும் வென்றது இவ்வண்டியே.

அமெரிக்காவில் இது விற்கப்பட்டதில்லை. அந்நாட்டுப் பாதுகாப்பு விதிக்கேற்பச் செய்யப்படாத வண்டி, செய்த மாதத்திலிருந்து 25 ஆண்டுகள் நிரம்பினாலன்றித் தடையின்றி உட்புகாது என்பது 1988இல் இயற்றிய சட்டத்தின் வழி வந்த முறை. ஆகவே 1989 ஆகஸ்டில் செய்த வண்டி 2014 ஆகஸ்டில்தான் தகுதி பெற்றது. 1999 ஜனவரியில் தோன்றிய பின்னைய ஆர்.34 வகை 2024 ஜனவரி வரை காத்திருந்தது. ஆண்டு நிரம்பும் காலம் நெருங்க நெருங்க விலையும் ஏறுகின்றது. விலையேற, முன்னர் ஒதுக்கித் தள்ளிய வண்டிகளும் வண்ணம் பூசிக்கொண்டு சந்தைக்கு வருகின்றன. இதனைக் கருதியே நண்பரை எச்சரித்தோம்.

ஜப்பானில் சொந்த மோட்டார் வண்டியைப் புதிதாயின் மூன்றாம் ஆண்டிலும், பின்னர் ஈராண்டிற்கொரு முறையும் சர்க்கார் சோதனைக்கு உட்படுத்த வேண்டும். 13 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிக்கு வரியும் கூடும். இச்செலவுகளை விரும்பாதோர் கைவிடும் வண்டிகள் பெரும்பாலும் ஏலக்கூடங்களை அடைகின்றன. ஆங்கு ஒரு சோதனையாளர் வண்டியை ஆராய்ந்து ஒரு தாளில் தம் முடிவைக் குறிக்கின்றார். அதுவே ஏலச் சீட்டு.

சீட்டின் மேல் மூலையில் ஒரு மதிப்பெண் இருக்கும். 4 என்பது நன்னிலை, 3.5 என்பது வயதிற்கேற்ற நடுநிலை. எண்ணுக்கு மாறாக 'ஆர்' என்னும் எழுத்து நிற்குமாயின் விபத்திற்பட்டுச் செப்பனிடப்பட்டது என்று பொருள். ஈண்டு ஒன்றை உணர்தல் வேண்டும். கதவும் முகப்புத் தகடும் மாற்றப்பட்டமையால் மட்டும் ஒரு வண்டி இவ்வகுப்பிற் சேராது. எலும்புக்கூடு போன்ற அடிச்சட்டகம் பழுதுற்றிருந்தாலே சேரும். சீட்டின் கீழே வண்டியின் வரைபடத்தில் சிறு குறிகள் காணப்படும். 'ஏ' கீறல், 'யூ' நசுக்கு, 'எஸ்' துரு, 'டபிள்யூ' தட்டிச் சீர்செய்தமையால் தோன்றிய அலை, இரட்டை 'எக்ஸ்' மாற்றப்பட்ட தகடு. அருகிலுள்ள எண் பெருகப் பெருகக் குறையும் பெரிது. எமக்கு 'ஏ' எத்தனையிருப்பினும் கவலையில்லை. ஒரே ஓர் 'எஸ்' இருந்தால் உறக்கம் வாராது. பனி பெய்யும் வட ஜப்பானில் சாலைகளில் உப்பிடுவதால் அங்கு ஓடிய வண்டிகளை அடியிலிருந்து துரு அரித்திருத்தல் கூடும். ஜாக்கி வைக்குமிடத்தையும் பின்சக்கர வளைவின் உட்புறத்தையும் படமெடுத்து அனுப்பச் சொல்லுதல் நன்று.

மற்றொரு மோசமும் உண்டு. இதே உருவினதாய், பின்சக்கரங்களால் மட்டும் இயங்கும் 2 லிட்டர் வண்டிக்கு ஜி.டி.ஆர். தகடுகளைப் பூட்டிக் கூடுதல் விலைக்கு விற்பார் உளர். சட்டக எண் உண்மையை உரைத்துவிடும்: மெய்யான ஜி.டி.ஆர். பி.என்.ஆர்.32 என்று தொடங்கும், மற்றையது ஹெச்.சி.ஆர்.32.

இனிச் சக்கரம். பழைய விரைவு வண்டியை வாங்கினோர் முதலில் மாற்ற விரும்புவது இதனையே. முதலிற் பிழைபடுவதும் ஈண்டே. நம் மாட்டுவண்டிச் சக்கரத்தின் குடம் அச்சிற்குப் பொருந்தாவிடின் தச்சர் அதனை மாட்டவே மாட்டார். மோட்டார்ச் சக்கரமோ பொருந்தாவிடினும் ஒருவாறு ஏறிவிடுகின்றது. அதுவே அபாயம்.

இவ்வண்டியின் ஐந்து போல்ட்டுகளும் 114.3 மில்லிமீட்டர் விட்டமுடைய வட்டத்தில் அமைந்தவை. அஃதாவது நாலரை அங்குலம். இவ்வளவு பல ஜப்பானிய வண்டிகளுக்குப் பொதுவாதலின் எச்சக்கரமும் பொருந்தும் என்று கடைக்காரர் சொல்லிவிடுகின்றனர். ஆயின் நடுத்துளையின் அளவு நிஸ்ஸானுக்கு 66.1 மில்லிமீட்டர், தனியே விற்கும் சக்கரங்களிற் பல 73.1 அளவாகத் துளைக்கப்பட்டவை. இடைவெளியை நிரப்பும் வளையமிடாவிடில் சக்கரம் நடுவில் நில்லாமல் விரைவில் நடுங்கும். நட்டின் புரியிடைவெளியும் நிஸ்ஸானுக்கு 1.25 மில்லிமீட்டர், டொயோட்டாவிற்கும் ஹோண்டாவிற்கும் 1.5. மாற்றி முறுக்கினால் புரி அழியும். சிறு நட்டுத்தானே என்று எண்ணற்க.

அடுத்தது 'ஆப்செட்' என்னும் அளவு. சக்கர அகலத்தின் நடுக்கோட்டிற்கும், அது குடத்தில் ஒட்டும் முகத்திற்கும் உள்ள தூரம் அது. இவ்வண்டியோடு வந்த 16 அங்குலச் சக்கரம் 8 அங்குல அகலமும் 30 மில்லிமீட்டர் ஆப்செட்டும் உடையது. அதே அகலத்தில் ஆப்செட் 12 உடையதை மாட்டினால் சக்கரம் 18 மில்லிமீட்டர் வெளியே தள்ளி நிற்கும். பார்வைக்குக் கம்பீரமே, ஆனால் பேரிங்கின்மேற் பாரம் மிகும், குழியில் இறங்குங்கால் டயர் மேல்தகட்டில் உராயும்.

எடையும் கருதத்தக்கது. சக்கரம் ஸ்பிரிங்கிற்குக் கீழே இருப்பதாதலின், அது கனமாயின் மேட்டில் எழும்பியபின் மீண்டும் தரையைப் பற்றத் தாமதிக்கும். இதனாலேயே உலோகத்தை உருக்கி வார்ப்பதினும் அழுத்தி அடித்துச் செய்த சக்கரம் உயர்வாக மதிக்கப்படுகின்றது; ஒரே வலிமைக்கு அது இலேசானது. ரேய்ஸ் கம்பெனியார் 1996இல் வெளியிட்ட டி.இ.37 என்னும் ஆறு ஆரக்காற் சக்கரம் இவ்வகையது. 15 அங்குல அளவில் 3.7 கிலோ எடை என்பதனின்று அவ்வெண் வந்தது. புகழ் மிக்கதாதலின் வார்ப்பாற் செய்த போலிகளும் அதற்கு மிகுதி. ஜே.டபிள்யூ.எல். என்னும் ஜப்பானியத் தரமுத்திரை, வளைவு, உருளல், மோதல் என்னும் மூன்று சோதனைகளைக் குறிப்பது, வி.ஐ.ஏ. என்பது வேறொரு நிலையத்தார் சரிபார்த்தமைக்கு அடையாளம். போலி செய்வோர் முத்திரையையும் வார்த்துவிடுவராதலின், அதனோடு எடையையும் நிறுத்துப் பார்த்தல் நலம்.

நண்பர் அனுப்பிய ஏலச் சீட்டில் 'ஆர்' எழுத்தும் பின்புறம் இரண்டு 'டபிள்யூ' குறிகளும் இருந்தன. மனவருத்தத்தோடு விட்டுவிட்டார். ஏழு மாதங்கழித்து 3.5 மதிப்பெண் பெற்ற சாம்பல் நிற வண்டியொன்றை வாங்கினார். அதற்கெனப் பிறரிடம் வாங்கிய பழைய சக்கரங்கள் நான்கினுள் ஒன்றின் உள்விளிம்பில் புதுவண்ணம் மட்டும் தடித்திருக்கக் கண்டு சுரண்டினார். கீழே விரல் நீளம் வெல்டு வைத்த தழும்பு இருந்தது. விற்றவர் பணத்தைத் திருப்பித் தரவில்லை. இப்பொழுது அவர் வண்டியோடு வந்த 16 அங்குலச் சக்கரங்களிலேயே ஓட்டி வருகின்றார். மற்றவை நான்கும் கொட்டகையில் சுவரோரம் சாய்ந்திருப்பதாக எழுதியுள்ளார்.