பிளையரைக் கீழே வையுங்கள்

திருவண்ணாமலை செங்கம் ரோட்டில் ஒரு டீ சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால், பழைய புல்லட் ஒன்றாவது தடதடத்துக்கொண்டு முன்னால் போகும். ஓட்டுகிறவர் உள்ளூர்க்காரராகவும் இருக்கலாம், ரமணாசிரமத்துக்கு வந்து மாதக்கணக்கில் தங்கும் வெளிநாட்டுக்காரராகவும் இருக்கலாம். வெளிநாட்டுக்காரர்களுக்கு சீசன் நவம்பரிலிருந்து மார்ச் வரை. ஏப்ரலில் வெயில் ஏறியதும் வண்டியை யார் வீட்டுத் தாழ்வாரத்திலாவது, தார்ப்பாய் போர்த்தி விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். திரும்பி வந்து, உதைக்கும் முன் பெட்ரோல் டேப்பைத் திருப்பினால் அது அசையாது. அப்போது கை நேராகப் போவது டூல்ஸ் பையில் இருக்கும் பிளையருக்கு. அங்கேதான் வேலை கெடுகிறது.

டேப் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துவிட்டால் பிளையரைத் தொடவே தோன்றாது. டேங்குக்குள் டேப்பிலிருந்து இரண்டு வழிகள் போகின்றன. ஒன்று உயரமான குழாய். பெட்ரோல் அதன் வாய்க்குக் கீழே இறங்கியதும் வண்டி இருமி நிற்கும். இன்னொன்றின் வாய் டேங்கின் அடியிலேயே இருக்கும். அதுதான் ரிசர்வ். ரிசர்வுக்கென்று தனி டேங்க் எதுவும் கிடையாது, அதே பெட்ரோலின் அடிப்பகுதிதான். இரண்டு வழிகளும், கார்புரேட்டருக்குப் போகும் வழியும், டேப்பின் முகத்தில் ஓட்டைகளாக வந்து முடிகின்றன. அந்த முகத்தின் மேல் ஓட்டை போட்ட ரப்பர் சீல் ஒன்று அசையாமல் உட்கார்ந்திருக்கும். சீலின் மேல் லீவர். லீவரின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் சிறிய பள்ளம் ஒன்று தெரியும். ஆன் போட்டால் அந்தப் பள்ளம் உயரக் குழாயையும் கார்புரேட்டர் வழியையும் சேர்த்துவைக்கிறது, ரிசர்வ் போட்டால் அடி வழியைச் சேர்த்துவைக்கிறது. ஆஃபில் எதையும் சேர்ப்பதில்லை. லீவருக்கு மேல் நெளிநெளியான ஸ்பிரிங் வாஷர் ஒன்று அதை ரப்பரோடு அழுத்திப் பிடிக்கும். அதற்கு மேல் இரண்டு சின்ன ஸ்க்ரூவில் நிற்கும் மூடித் தகடு. மொத்த டேப்பும் இவ்வளவுதான்.

ஆக, லீவர் இறுகிவிட்டது என்றால் ரப்பரும் உலோகமும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டன என்று அர்த்தம். மாதக்கணக்கில் நிற்கும் பெட்ரோல் ஆவியாகி, மிச்சம் பிசின் போலப் படியும். பழைய கார்புரேட்டரைப் பிரித்தவர்களுக்கு அந்தப் பழுப்பு நிறம் நன்றாகத் தெரியும். அது லீவருக்கும் சீலுக்கும் நடுவில் படிந்தால் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

எத்தனால் இன்னொரு காரணம். 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023-ல் சில பங்குகளில் தொடங்கி 2025-க்குள் நாடு முழுக்க வந்துவிட்டது. திருவொற்றியூர் ஆலையில் 1950-களிலிருந்து புல்லட் செய்து வந்தவர்கள் அந்தக் காலத்து ரப்பரை இந்தக் கலவையை நினைத்துப் போட்டிருக்க முடியாது. எத்தனால் பட்டால் சில ரப்பர்கள் உப்பும். உப்பினால் லீவர் இறுகும். வண்டி சும்மா நின்று காய்ந்தால் அதே ரப்பர் சுருங்கி வெடிக்கும், அப்போது கசியும். முதலில் இறுக்கம், பின்னால் கசிவு என்று ஒரே டேப் இரண்டு விதமாகவும் படுத்துவது இதனால்தான். போதாததற்கு எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தையும் இழுக்கும். அந்தத் தண்ணீர் அடியில் தங்கி, டேப்பின் உலோகத்தில் வெள்ளை வெள்ளையாகப் பூக்க வைக்கும்.

இப்படிப் பிடித்துக்கொண்ட லீவரை பிளையரால் முறுக்கினால் ரப்பர் கிழியும், இல்லாவிட்டால் லீவரின் காது கையோடு வரும். இரண்டில் எது நடந்தாலும் டேங்க் நிறையப் பெட்ரோல் உங்கள் காலடியில்.

சரி, எப்படிச் சரிசெய்வது? வேலை வெட்டவெளியில் நடக்கட்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். பீடி, சிகரெட் கூடாது என்று எல்லோரும் சொல்வார்கள். இந்த ஊரில் கூடுதலாக ஒன்று சொல்ல வேண்டும்: கற்பூரமும் அகல் விளக்கும் எந்த வாசலில் எப்போது எரியும் என்று சொல்லவே முடியாது. கார்த்திகை மாதத்தில் சாயங்காலம் இந்த வேலையை எடுக்காதீர்கள்.

லீவர் கொஞ்சமாவது அசைந்தால், கார்புரேட்டர் பக்கம் டியூபைக் கழற்றி, ரிசர்வில் வைத்து, பெட்ரோலை மூடியுள்ள கேனில் இறக்குங்கள். ஆஃபிலேயே சிக்கியிருந்தால் மேல்வாய் வழியாக டியூப் விட்டுக் கைப்பம்பால் எடுக்க வேண்டும். வாயால் உறிஞ்சுவது வேண்டாம். நுரையீரலுக்குள் போகும் ஒரு முடக்குப் பெட்ரோல் ஆளை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போதும்.

டேப்பை டேங்கிலிருந்து கழற்றியதும் அவசரப்பட்டு ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள். ஓர் இரவு நல்ல பெட்ரோலில் ஊறட்டும். பிசின் இளகும். அந்த இரண்டு ஸ்க்ரூவும் மிருதுவான உலோகத்தில் பல வருஷமாக உட்கார்ந்திருப்பவை. தலைக்குச் சரியாகப் பொருந்தும் ஸ்க்ரூ டிரைவரை வைத்து, அதன் பிடியில் லேசாக இரண்டு தட்டுத் தட்டிவிட்டுத் திருப்பினால் தலை மழுங்காது. தகடு, நெளி வாஷர், லீவர், சீல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றும்போதே செல்போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சீல் எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்பது மறுநாள் நினைவில் நிற்காது. சில டேப்புகளில் ஸ்க்ரூவுக்குப் பதில் ரிவெட் அடித்திருப்பார்கள். அவை பிரிப்பதற்காகச் செய்யப்பட்டவை அல்ல, முழு டேப்பையே மாற்றுவதுதான் வழி.

லீவரின் முதுகை வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழுப்புக் கறை இருந்தால் துணியும் பெட்ரோலும் போதும். வெள்ளைப் பூப்போ கீறலோ விரல் நகத்தில் தட்டினால், கண்ணாடித் துண்டு ஒன்றின் மேல் 1000 நம்பர் எமரி பேப்பரை வைத்து, அதன்மேல் லீவரை எட்டுப் போடுவதுபோல் மெதுவாகத் தேய்க்க வேண்டும். கண்ணாடி எதற்கு என்றால், லீவரின் முதுகு சமமாகத் தேயவேண்டும் என்பதற்காக. கையில் பிடித்துத் தேய்த்தால் ஓரம் மட்டும் சாய்ந்து தேய்ந்துவிடும், அப்புறம் எந்தச் சீல் போட்டாலும் சொட்டும். என்னைக் கேட்டால் முழு வேலையில் நிதானம் வேண்டிய இடம் இது ஒன்றுதான். பழைய சீலை மறுபடி போடவே கூடாது. ரிப்பேர் கிட் ஸ்பேர் கடையில் கிடைக்கும், உள்ளூரில் இல்லாவிட்டால் சென்னை ஜி.பி. ரோட்டில் சொல்லி வாங்கலாம். வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

அடுத்து எண்ணெய் விஷயம். இறுகிய எதற்கும் கிரீஸ் தடவுவது நம் பழக்கம். சாதா கிரீஸ் பெட்ரோலில் கரைந்து கார்புரேட்டருக்குப் போய் ஜெட்டை அடைக்கும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது என்பது உண்மை. ஆனால் எத்தனாலில் நன்றாகவே கரையும், அதனால் இன்றைய பெட்ரோலுக்கு அதையும் நம்ப முடியாது. பெட்ரோல் தாங்கும் கிரீஸ் கிடைத்தால், லீவரும் நெளி வாஷரும் உரசும் பக்கத்தில் மட்டும் விரல் நுனியளவு. கிடைக்காவிட்டால் ஒன்றும் தடவ வேண்டாம். லீவரின் முதுகும் சீலும் சரியாக இருந்தால் எண்ணெயே தேவைப்படாது.

பூட்டும்போது இரண்டு ஸ்க்ரூவையும் மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். இரண்டு விரலில் லீவர் திரும்ப வேண்டும், நடுவில் நிறுத்தினால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும். அதற்கு மேல் முடுக்கினால் பழைய இறுக்கத்தை நீங்களே உண்டாக்கியவராவீர்கள். டேங்கோடு சேரும் இடத்தில் புது ஃபைபர் வாஷர் போடுங்கள். பிளம்பர் சுற்றும் வெள்ளை டேப் வேண்டாம், அதன் நூல் பிய்ந்து ஜெட்டில்தான் போய் நிற்கும்.

ஒரு லிட்டர் ஊற்றி, ஆஃபில் வைத்து, டியூபைக் கழற்றிவிட்டுக் கீழே பேப்பரை விரித்து ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் பேப்பரில் கறை இருந்தால் மறுபடி பிரித்தாக வேண்டும். சொட்டுத்தானே என்று விடக் கூடாது. கார்புரேட்டரின் ஊசியும் சரியாக மூடாவிட்டால் பெட்ரோல் சிலிண்டர் வழியாக இறங்கி என்ஜின் ஆயிலோடு கலக்கும். ஆயிலில் பெட்ரோல் வாசம் வந்தால் ஆயிலை மாற்றாமல் ஸ்டார்ட் செய்யாதீர்கள்.

2020-ல் பிஎஸ் 6 மாசு விதி வந்ததிலிருந்து புது புல்லட்டில் இந்த டேப்பே கிடையாது, பம்ப்தான். கையால் திருப்பும் வண்டி வைத்திருப்பவர்கள் தினம் நிறுத்தும்போது ஆஃப் செய்யுங்கள், எப்போதாவது ரிசர்விலும் ஓட்டுங்கள். அசைந்துகொண்டே இருக்கும் லீவர் லேசில் ஒட்டாது. ஊருக்குக் கிளம்பும் நண்பர் சாவியை உங்களிடம் கொடுக்க வந்தால், டேப்பை ஆஃப் செய்து கார்புரேட்டரில் இருப்பது தீரும்வரை என்ஜினை ஓடவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள். டேங்கைக் கழுத்துவரை நிரப்பட்டும், இல்லையேல் முழுக்கக் காலி செய்யட்டும். பாதி டேங்கோடு மட்டும் வண்டியை வாங்கி வைக்காதீர்கள்.