முகாமுக்குப் போனாலும் பிள்ளைக்கு மருத்துவம் நிற்கக்கூடாது



கரிசல் பூமியில் நாம் மழைக்கு ஏங்குகிறவர்கள். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் மாவட்டம் மறக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் மூழ்கின. பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும் முகாம்கள் ஆயின.

"ஆத்தங்கரைக்காரங்களுக்குத்தானே வெள்ளம், பாஞ்சாலங்குறிச்சிக்கு என்ன வந்துச்சு?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனால் வீடிழந்த உறவுக்காரப் பிள்ளைகள் நாளை நம் வீட்டுக்கு வரலாம். நம் பள்ளியிலேயே முகாம் நடக்கலாம். அதனால் விவரம் தெரிந்து வைத்துக்கொள்வோம்.

பள்ளி மருத்துவக் குழு எதற்கு?

2013-ல் தொடங்கிய ஆர்.பி.எஸ்.கே. திட்டத்தில், பிறந்த குழந்தை முதல் 18 வயது வரை பரிசோதனை உண்டு. மருத்துவர், நர்ஸ், மருந்தாளுநர் உள்ள நடமாடும் குழு அங்கன்வாடிக்கு வருடம் 2 முறையும், அரசுப் பள்ளிக்கு ஒரு முறையும் வர வேண்டும். பிறவிக் குறை, சத்துக் குறை, நோய், வளர்ச்சித் தாமதம் ஆகிய நான்கையும் பார்ப்பார்கள். மேல்சிகிச்சையும் இலவசம்.

சிக்கல் எங்கே?

பெயர் பழைய பள்ளிப் பதிவேட்டில் இருக்கும், பிள்ளை வேறு ஊரில் இருக்கும். தடுப்பூசி அட்டை நனைந்து போயிருக்கும். வலிப்பு, இளைப்பு உள்ள பிள்ளைக்கு மாத்திரை நாலு நாள் நின்றாலே ஆபத்து. பலர் நெருக்கமாகத் தங்கும் இடத்தில் தட்டம்மையும் வேகமாகப் பரவும். 2004 சுனாமிக்குப் பிறகு கடலூர் மாவட்டத்தில் பாதிக்கப்பட்ட கிராமங்களில் தட்டம்மை பரவியது.

நாம் செய்ய வேண்டியவை:

1. முகாமில் பிள்ளையின் பெயர், வயது, படித்த பள்ளி, சாப்பிடும் மருந்து எல்லாவற்றையும் முதல் நாளே எழுதிக் கொடுங்கள்.

2. தட்டம்மை ஊசி 9 மாதம் முடிந்ததும், பிறகு 16 முதல் 24 மாதத்துக்குள்ளும் போட வேண்டும். விட்டுப் போயிருந்தால் கிராம சுகாதார நர்சிடம் கேளுங்கள்.

3. "அம்மை போட்டிருக்கு, ஆஸ்பத்திரிக்குப் போகக்கூடாது" என்று மறைக்காதீர்கள். காய்ச்சலோடு உடம்பில் தடிப்பு கண்டால் உடனே காட்டுங்கள்.

4. வயிற்றுப்போக்கு என்றால், காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு ஓ.ஆர்.எஸ். பாக்கெட் முழுவதையும் கலந்து அடிக்கடி கொடுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள்.

5. ராத்திரி அலறி எழுவது, படுக்கையை நனைப்பது எல்லாம் பயத்தால் வரலாம். பிள்ளையை அடிக்காதீர்கள், திட்டாதீர்கள். மருத்துவக் குழுவிடம் அதையும் சொல்லுங்கள்.

அவசரத்துக்கு 108, ஆலோசனைக்கு 104.

வரும் கூட்டத்தில் ஒரு தீர்மானம் போடுவோம். எல்லாப் பிள்ளைகளின் தடுப்பூசி அட்டையையும் நகல் எடுத்து, பிளாஸ்டிக் பையில் போட்டுக் குழு நோட்டோடு வைப்போம். செலவு சில ரூபாய்தான். வெள்ளம் வரும்போது அட்டையைத் தேட நேரம் இருக்காது, சகோதரிகளே!