சகாராப் புழுதியும் கரீபியன் கோடையும்

கடல் கடந்து வரும் மண்

மாலி, மௌரித்தானியா, அல்ஜீரியா முதலிய தேசங்களில் பரந்து கிடக்கும் சகாராப் பாலைவனத்திலே கோடைகாலத்தில் எழும் புழுதியானது, அங்கேயே அடங்கிவிடாமல் வியாபாரக் காற்றினால் உந்தப்பட்டு, அட்லாண்டிக் மகாசமுத்திரத்தை ஏறக்குறைய ஒரு வார காலத்தில் கடந்து, பார்படோஸ், குவாதலூப், மார்த்தினிக், போர்ட்டோ ரிக்கோ முதலிய கரீபியன் தீவுகளின் நீல ஆகாயத்தை வெளிறிய சாம்பல் நிறமாக்கிவிடுகிறது. இது புதிதாகத் தோன்றிய உற்பாதம் அன்று. 1832-ஆம் ஆண்டில் பீகிள் கப்பலில் கேப் வெர்டே தீவுகளை அடைந்த சார்லஸ் டார்வின், காற்றில் வந்த இந்த மண்ணைச் சேகரித்து, ஏரன்பர்க் என்னும் ஜெர்மானிய அறிஞரின் ஆராய்ச்சிக்கு அனுப்பினார். பார்படோஸின் கிழக்குக் கரையிலே ஜோசப் ப்ராஸ்பெரோ என்னும் அமெரிக்க விஞ்ஞானி 1965-இல் தொடங்கிய அளவீடு, ஆப்பிரிக்காவின் ஸஹேல் பிரதேசம் வறட்சியால் வாடிய 1970, 1980-களில் இத்தீவில் தூசு பெருகியதைக் காட்டியது. எங்கோ ஒரு நாட்டில் மழை பொய்த்தால், சமுத்திரத்திற்கு அப்பாலுள்ள குழந்தையின் சுவாசத்தில் அதன் சுவடு விழுகிறது.

மார்த்தினிக்கிலும் குவாதலூப்பிலும், 1850-களிலிருந்து புதுச்சேரி, காரைக்கால் வழியாகக் கரும்புத் தோட்டங்களுக்குக் கொண்டு செல்லப்பட்ட தமிழரின் சந்ததியார் இன்றும் வாழ்ந்து வருகின்றனர். ஆகையால் இப்புழுதி நமக்கு முற்றிலும் அந்நியமான செய்தியும் அன்று.

நுண்துகளும் சுவாசமும்

நெடுந்தூரப் பிரயாணத்தில் பருத்த மணல் வழியிலேயே கடலில் விழுந்துவிட, மிக நுண்ணிய துகள்களே தீவுகளை அடைகின்றன என்பதில்தான் ஆபத்து இருக்கிறது. பத்து மைக்ரானுக்குக் குறைந்தவை மூக்கையும் தொண்டையையும் தாண்டிச் சுவாசக் குழாய்களுக்குள் நுழைகின்றன. இரண்டரை மைக்ரானுக்குக் குறைந்தவையோ நுரையீரலின் காற்றறைகள் வரை செல்லக் கூடியவை. பத்து மைக்ரானுக்கு உட்பட்ட துகள்கள் ஒரு நாள் சராசரியாகக் கன மீட்டர் காற்றில் 45 மைக்ரோகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வகுத்த நெறி. அதற்கு முந்திய ஆண்டின் ஜூன் மாதத்தில் கரீபியன் கடலை மூடிய மாபெரும் புழுதி மண்டலத்தின்போது, பல தீவுகளில் இத்துகள்களின் அளவு அவ்வரம்பைவிடப் பன்மடங்காக உயர்ந்திருந்தது.

குவாதலூப்பில் நடந்த ஓர் ஆராய்ச்சி, புழுதி நாட்களில் ஆஸ்துமாவால் அவசர சிகிச்சைக்கு வரும் குழந்தைகள் மிகுவதைக் கண்டது. பார்படோஸில் நடந்த மற்றோர் ஆராய்ச்சியில் அத்தகைய தொடர்பு புலப்படவில்லை. இதைக் கொண்டு புழுதியைப் பொருட்படுத்த வேண்டாமென்று முடிவு கட்டுவது தவறாகும். தன் பிள்ளைக்கு எந்நாளில் இழுப்பு வருகிறதென்று கவனித்து வைத்திருக்கும் தாயின் அனுபவத்தை மருத்துவர்கள் மதித்துக் கேட்க வேண்டும். வைத்தியர் எழுதிக் கொடுத்த இன்ஹேலரும் அந்நாட்களில் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

ஜன்னலைத் திறப்பதா, அடைப்பதா?

புழுதியோடு வருவது உஷ்ணமும் வறட்சியுமான காற்றுப் படலம். அது ஒன்றரைக் கிலோமீட்டர் உயரத்திற்கு மேல் மிதந்து, மழை மேகங்கள் ஓங்கி வளராதபடி தடுத்துவிடுகிறது. ஆகவே வழக்கமான சாரல் பெய்யாமல் போகிறது. பகலில் வெயிலைச் சற்றே மறைக்கும் அப்புழுதி, இரவில் நிலத்தின் வெப்பம் மேலே தப்பிப் போகாதபடியும் தடுக்கிறது. கீழேயோ கடற்காற்றின் ஈரம் குறையாமையால், வியர்வை உலர்ந்து சரீரம் குளிர்வதும் கடினமாகிறது.

இங்கேதான் சங்கடம். புழுதிக்கு அஞ்சி ஜன்னலை அடைத்தால் வீடு அடுப்பாகிறது. வெப்பத்திற்கு அஞ்சித் திறந்தால் தூசு உள்ளே வருகிறது. "வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஜன்னல்களை அடையுங்கள்" என்னும் அறிவிப்பு, குளிர்சாதனம் உடையவர்க்கே பொருந்தும். தகரக் கூரையின் கீழ் தனித்திருக்கும் மூதாட்டிக்கு அதுவே ஆபத்தாக முடியலாம். 2017 செப்டம்பரில் மரியா புயலுக்குப் பின் போர்ட்டோ ரிக்கோவின் பல ஊர்களில் மாதக்கணக்கில் மின்சாரம் இல்லாமற் போனதை நினைத்தால், விசிறியைக்கூட நிச்சயமாக நம்புவதற்கில்லை என்பது விளங்கும். ஆதலால், முதியோரும் இருதய நோயாளிகளும் முதலில் அஞ்ச வேண்டியது வெப்பத்தையே என்றும், அவர்கள் காற்றோட்டத்தை இழக்கலாகாது என்றும் நான் கருதுகிறேன். ஆஸ்துமா உள்ளவர்க்கு ஓர் அறையை மட்டும், அதுவும் புழுதி மிகுந்த நேரத்தில் மட்டும், அடைத்து வைக்கலாம். துடைப்பத்தால் பெருக்காமல் ஈரத்துணியால் தரையைத் துடைக்க வேண்டும். காற்றின் வெப்பம் 40 டிகிரி செல்சியஸை எட்டாத வரையில் விசிறி பயன் தரும். மேனியை நனைத்துக்கொண்டு அதன் எதிரே அமர்ந்தால் இன்னும் நன்று.

தோட்டத்திலும் கட்டட வேலையிலும் பாடுபடுவோர்க்கு இதே சங்கடம் முகத்திலேயே வந்து அமர்கிறது. நுண்துகளைத் தடுக்கவல்ல என்-95 முகக்கவசத்தை அணிந்து வெயிலில் சுமை தூக்குவது எளிதன்று. துணிக்கவசமோ நுண்துகளைப் போதிய அளவு தடுப்பதில்லை. வேலையை அதிகாலைக்கு மாற்றுவதும், நிழலில் ஓய்வும் தண்ணீரும் தருவதும் முதலாளிகளின் கடமை.

மருந்தும் குடிநீரும்

தும்மலுக்கும் அரிப்புக்கும் உட்கொள்ளும் ஒவ்வாமை மாத்திரைகளில், தூக்கம் தரும் பழைய வகைகள் வியர்வையைக் குறைப்பவை. புழுதிக்கு உட்கொண்ட மருந்தே வெப்பத்தைத் தாங்கும் சக்தியைக் கெடுக்கலாம். இரத்த அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை உண்பவர்கள், தாமாக அதை நிறுத்திவிடாமல் கோடை தொடங்குமுன்பே வைத்தியரைக் கலந்து கொள்ள வேண்டும். வர்ஜின் தீவுகளைப் போலக் கூரை மழைநீரைத் தொட்டியில் சேமித்துக் குடிக்கும் இடங்களில், புழுதிக்குப் பின் பெய்யும் முதல் மழையை வெளியே விட்டுவிடுவது நலம்.

வெப்பத் தாக்கு

வெயிலில் இருந்தவர் சம்பந்தமின்றிப் பேசினாலோ, தள்ளாடி விழுந்தாலோ, தேகம் நெருப்பாய்ச் சுட்டாலோ, அது களைப்பு அன்று, வெப்பத் தாக்கு. ஆம்புலன்ஸுக்குச் சொல்லி அனுப்பிவிட்டு, அது வரும் வரை வாளா இராமல், அவரை நிழலில் கிடத்தி, ஆடையைத் தளர்த்தி, உடல் முழுவதும் குளிர்ந்த நீரை ஊற்றி, இடைவிடாது விசிற வேண்டும். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் ஒரு துளி நீரும் விடலாகாது.