சிறுநீர்த்தாரை நோய்க்கு ஒரு புதிய மருந்து: அதனை மதிப்பிட்ட முறை

சிறுநீர் கழிக்கையில் எரிச்சலும் அடிவயிற்றில் வலியும் தோன்றுதல் சிறுநீர்த்தாரை நோயின் முதற் குறிகளாம். எருத்தேன்பதி போன்ற எல்லைச் சிற்றூர்களில், கழிவிட வசதியின்றி நாள் முழுதும் வயல்வேலை செய்யும் பெண்கள் நீர் அருந்துவதைக் குறைத்துக்கொள்வதும், சிறுநீரை அடக்குவதும் இந்நோய்க்கு இடந்தருகின்றன. கிருமி சிறுநீரகத்தை எட்டிவிடின் குளிர்சுரமும் விலாவலியும் காணும். அப்போது மருத்துவமனைச் சிகிச்சை இன்றியமையாதது.

இந்நோயைப் பெரும்பாலும் விளைவிப்பது குடலில் வாழும் எஷெரிச்சியா கோலை என்னும் கிருமியே. இவற்றுட் பல, பீட்டா லாக்டமேஸ் என்னும் நொதியைச் சுரந்து, மருந்தின் மூலக்கூற்றை அறுத்துவிடுகின்றன. செஃபெபிம் என்ற பழைய மருந்து இவ்வாறே வலுவிழந்தது. அந்நொதியைப் பற்றிக்கொண்டு செயலற்றதாக்கும் என்மெட்டாசோபாக்டம் என்ற துணைப்பொருள் சென்னை ஆர்க்கிட் நிறுவனத்தின் ஆய்வில் உருவானது. இரண்டும் சேர்ந்த ஊசிமருந்தை 2024 பிப்ரவரியில் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஏற்றது.

ஏற்குமுன் நிகழ்ந்த சோதனை கருதத்தக்கது. 2018-19இல் ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகள் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கப்பட்டனர். ஒரு பிரிவுக்குப் புதிய மருந்தும், மற்றதற்கு வழக்கிலுள்ள பிப்பராசில்லின்-டாசோபாக்டமும் எட்டு மணிக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றப்பட்டன. எவர்க்கு எது என்பதை நோயாளியும் அறியார், மருத்துவரும் அறியார். நோய்க்குறி நீங்கியோர் புதிய மருந்தில் நூற்றுக்கு 92.5, பழையதில் 88.9. இதை மட்டும் நோக்குவார் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே என்பர். ஆனால் எரிச்சல் நின்றபின்னும் கிருமி தங்கியிருக்கக்கூடும். ஆதலின் குறிகள் நீங்குதலோடு, சிறுநீரில் கிருமி ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரத்துக்குக் கீழ் இறங்குதலும் வேண்டுமென முன்னரே வகுத்திருந்தனர். அவ்வளவையால் புதிய மருந்து 79.1, பழையது 58.9 என வேறுபாடு தெளிவாயிற்று.

எனினும் இவ்வெண்களை அப்படியே நம் ஊருக்குப் பொருத்துதல் தகாது. இரு மருந்துகளுக்கும் எதிர்ப்புக் காட்டாத கிருமியுடையோரே முதன்மைக் கணக்கிற் சேர்க்கப்பட்டனர். மேலும், இந்தியாவில் பரவலாகக் காணப்படும் என்.டி.எம். என்ற நொதியை இத்துணைப்பொருள் தடுப்பதில்லை.

இம்மருந்து மருத்துவமனைக்கு உரியது. சிற்றூரிற் காணும் எளிய நீர்க்கடுப்புக்கு அன்று. அதற்கு 1950களிலிருந்து வழங்கும் நைட்ரோஃபுரண்டாயின் மாத்திரை இன்றும் பெரிதும் பயன்படுகிறது. அதையும் மருத்துவர் சீட்டின்மேலேயே பெறுதல் வேண்டும். சீட்டின்றி இத்தகைய மருந்துகள் விற்பதைத் தடுக்கக் கேரள அரசு 2024இல் கடைகளில் திடீர்ச் சோதனைகளைத் தொடங்கியது. சுரமுள்ள நோயாளியை அனுப்புகையில், முன்னர் உட்கொண்ட மாத்திரைகளின் பெயர்களைப் பணியாளர் சீட்டில் எழுதி அனுப்பின் மருத்துவர்க்குப் பேருதவியாகும். சிறுநீர் மாதிரியை முதல் வேளை மருந்துக்கு முன்னரே எடுத்தல் வேண்டும். பின்னர் எடுப்பின் வளர்ப்புச் சோதனையிற் கிருமி தென்படாது போகலாம்.