அம்பலும் அலரும்: ஆலையும் கைப்பேசியும்

அகப்பொருள் பயின்றோர் அம்பல், அலர் என்னும் இரு சொற்களின் வேறுபாட்டை அறிவர். சிலர் தமக்குள் முணுமுணுப்பது அம்பல். ஊரறியப் பலரும் பேசுவது அலர். அரும்பு மலராவதற்கு அன்று காலம் வேண்டியிருந்தது. கைப்பேசி வந்தபின் அதற்கு ஒரு நொடி போதும். இம்மாற்றம் பணியிடப் பண்பாட்டை எங்ஙனம் அசைக்கும் என்பதற்கு ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலேயே சான்றுண்டு.

2006ஆம் ஆண்டு நோக்கியா ஆலை இங்குக் கைப்பேசி செய்யத் தொடங்கியது. 2014 நவம்பரில் மூடப்பட்டது. எனினும் தொழில் நிற்கவில்லை. சுங்குவார்சத்திரத்தை அடுத்த பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் உருவாகின்றன. அங்குப் பணிபுரிவோருள் பெரும்பாலோர் வெளிமாவட்டங்களிலிருந்து வந்து விடுதிகளில் தங்கும் இளம்பெண்கள்.

2021 டிசம்பரில் ஒரு விடுதியின் உணவு நஞ்சாகி 250-க்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். 159 பேர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டனர். உடன் உறங்கியவள் எங்கே, எந்த மருத்துவமனையில் இருக்கிறாள் என்பதை அறை தோழியர்க்கு எவரும் தெளிவாகக் கூறவில்லை. அவ்வெற்றிடத்தில்தான் சிலர் இறந்துவிட்டனர் என்னும் வதந்தி கைப்பேசி வழியே புகுந்தது. பெண்கள் சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலையில் அமர்ந்தனர்.

அவர்களைப் பேதையர் எனப் பழிப்பது எளிது. ஆயின், நம்பத்தக்க வாய் ஒன்று அன்று பேசியிருப்பின் அவ்வதந்திக்குச் செவிசாய்ப்பார் யார்? செய்தியைச் சுமந்தது கைப்பேசி. அதனை விளைவித்தது நிருவாகத்தின் மௌனம் என்பதே நம் துணிபு. இறுதியில் மாவட்ட ஆட்சியர் சிகிச்சையிலிருந்தோரைக் காணொலி அழைப்பில் காட்டிப் பேசச் செய்தார். அச்சம் வந்த கருவியிலேயே தெளிவும் வந்தது. தங்குமிடங்களும் உணவுக்கூடங்களும் தன் தரத்துக்கு ஒவ்வாதவை என ஆப்பிள் நிறுவனமும் கண்டு, ஆலையைக் கண்காணிப்பில் வைத்தது. 2022 ஜனவரி 12 அன்றே ஆலை மீண்டும் இயங்கியது.

நாள்தோறும் நிகழ்வனவற்றையும் நோக்குவோம். முறைமாற்றத்தை நள்ளிரவில் வாட்ஸ்அப் குழுவில் இடும் மேற்பார்வையாளர் உளர். ஒருத்தியின் பிழையைப் படமெடுத்து அனைவர்க்கும் அனுப்புவோரும் உளர். அதற்கு வரும் கைகூப்பிய சின்னங்களை ஒப்புதல் எனக் கொள்ளுதல் பேதைமை! நேரில் கடிந்தால் அரைநாளில் மறக்கும் சொல், குழுவில் இட்டால் அழியாது கிடக்கும். பணியாளரும் வந்த செய்தியை வந்தவண்ணமே அடுத்தவர்க்குத் தள்ளிவிடும் வழக்கத்தினின்று விலகுதல் வேண்டும். எனினும் முதற்கடன் உண்மையை முன்னறிந்தவர்க்கே உரியது.

2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 படுக்கைகள் கொண்ட விடுதி திறக்கப்பட்டது. அத்துணைப் பேர் உறங்கும் இடத்தில் இரவில் ஒருத்தி நோயுற்றால், அவளைப் பற்றிய முதற்சொல்லை அறை தோழியர்க்கு எவர் கூறுவார் என்பதைப் படுக்கை எண்ணைப் போலவே முன்னதாக எழுதி வைத்தல் வேண்டும்.