பழைய கார், அன்றாடப் பொறுப்பு

பழைய காரைப் போற்றுவோர் இரு வகையினர். உறையிட்டுக் கொட்டகையில் நிறுத்தி, வெயில் காலத்தில் மட்டும் வெளியே எடுப்போர் ஒரு வகை. பனியானாலும் மழையானாலும் அதிலேயே பணிக்குச் சென்று திரும்புவோர் மற்றொரு வகை. ஸ்வீடன் நாட்டுப் பழைய கார்களை வைத்திருப்போரில் இரண்டாம் வகையினரை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இன்றும் காணலாம்.

இதற்கான காரணம் அந்தக் கார்களின் அமைப்பிலேயே இருக்கிறது. 1927-இல் கோத்தன்பர்க் நகரில் முதல் காரை வெளியிட்ட வால்வோ நிறுவனம், கரடுமுரடான சாலைகளையும் நீண்ட குளிர்காலத்தையும் கருத்தில் கொண்டே தனது வண்டிகளை வடிவமைத்தது. 1956 முதல் 1970 வரை தயாரான 'அமேசான்', 1974 முதல் 1993 வரை தயாரான '240' ஆகியவை நீடித்த உழைப்புக்குப் பெயர் பெற்றவை. 1966-இல் 'பி1800' காரை வாங்கிய நியூயார்க் மாநில அறிவியல் ஆசிரியர் இர்வ் கோர்டன், அதே காரில் 2013-இல் 30 லட்சம் மைல்களைக் கடந்து கின்னஸ் சாதனையாளராகத் திகழ்ந்தார்.

ஆனால், பழைய காரை அப்படியே வைத்துக்கொண்டு இன்றைய போக்குவரத்தில் நாள்தோறும் ஓட்டுவது எளிதன்று. அதனால்தான் மாற்றங்கள் தேவைப்படுகின்றன. அவ்வப்போது தேய்ந்துபோகும் பிளாட்டினம் பாயின்ட்டுக்குப் பதிலாக மின்னணுப் பற்றவைப்பைப் பொருத்தினால், குளிர்ந்த காலை வேளையில் என்ஜின் தயங்காமல் இயங்கும். டைனமோவை அகற்றி ஆல்டர்னேட்டர் வைத்தால், முகப்பு விளக்கு, வைப்பர், வெப்பமூட்டும் விசிறி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் இயங்கப் போதிய மின்சாரம் கிடைக்கும். நான்கு கியர் பெட்டிக்கு மாற்றாக ஐந்து கியர் பெட்டியைப் பொருத்தினால், நெடுஞ்சாலையில் என்ஜினின் சுழற்சியும் இரைச்சலும் குறையும்.

எரிபொருளும் மாறிவிட்டது. ஸ்வீடனில் 2021 ஆகஸ்ட் முதல் 95 ஆக்டேன் பெட்ரோலில் 10% வரை எத்தனால் கலக்கப்படுகிறது. பழைய ரப்பர் குழாய்களை எத்தனால் அரித்துவிடும். கசியும் பெட்ரோல் தீவிபத்துக்குக் காரணமாகலாம். எனவே, எத்தனாலைத் தாங்கும் குழாய்களை மாற்றுவது ஆடம்பரமன்று, அவசியம். இவை அனைத்தையும்விடப் பெரிய எதிரி துரு. குளிர்காலத்தில் சாலைகளில் தூவப்படும் உப்பு காரின் அடித்தளத்தைத் தின்றுவிடுகிறது. என்ஜினைப் பிரித்துச் செப்பனிடலாம். துருவால் வலுவிழந்த உடற்கூட்டைக் காப்பது அரிது.

மாற்றங்கள் அனைத்தும் நன்மை பயப்பனவும் அல்ல. டர்போ பொருத்தி என்ஜினின் திறனைப் பெருக்குவோர், பிரேக்கும் சஸ்பென்ஷனும் பழைய வேகத்துக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதை மறந்துவிடுகின்றனர். முதலில் நிறுத்தும் ஆற்றல், பிறகே ஓடும் ஆற்றல் என்பதே இங்கு அடிப்படை விதி.

இதில் நேர்மையாக எதிர்கொள்ள வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று பாதுகாப்பு. வால்வோ பொறியாளர் நீல்ஸ் பூலின் உருவாக்கிய மும்முனை இருக்கைப் பட்டை 1959-இல் அந்நிறுவனக் கார்களில் பொருத்தப்பட்டது. அக்காலத்தில் அது பெரும் முன்னேற்றம். ஆயினும், காற்றுப் பையோ, சக்கரம் பூட்டிக்கொள்ளாத பிரேக்கோ இல்லாத அமேசானை எவ்வளவு திருத்தினாலும், மோதலில் அது இன்றைய காருக்கு இணையாகாது. ஓட்டுபவர் தாமாக ஏற்கும் அபாயம் வேறு. உடன் வரும் குழந்தைகளுக்கும் சேர்த்து அதை ஏற்பது வேறு.

மற்றொன்று சுற்றுச்சூழல். புதிய கார் தயாராகும்போது வெளியாகும் கரியமில வாயுவைத் தவிர்க்கிறோம் என்பது பழைய கார் பிரியர்களின் வாதம். அது பாதி உண்மை. 100 கி.மீ.க்கு 10 லிட்டர் செலவழிக்கும் கார் ஆண்டுக்கு 15,000 கி.மீ. ஓடினால் 1,500 லிட்டர் பெட்ரோல் எரியும். லிட்டருக்குச் சுமார் 2.3 கிலோ என்று கணக்கிட்டால், ஏறத்தாழ மூன்றரை டன் கரியமில வாயு வெளியாகும். 3,000 கி.மீ. மட்டுமே ஓட்டுபவருக்கு அது 700 கிலோவுக்குள் அடங்கும். ஆக, குறைந்த தொலைவு ஓட்டுபவருக்கு அந்த வாதம் பொருந்தும். நெடுந்தொலைவு ஓட்டுபவருக்குப் பொருந்தாது. வினையூக்கி மாற்றி இல்லாத கார் வெளியிடும் நச்சுப்புகை, நெரிசலான நகரவாசிகளின் நுரையீரலைத்தான் சென்றடைகிறது என்பதையும் மறந்துவிடக் கூடாது.

எனினும், இந்தக் கார்களிடமிருந்து தயாரிப்பாளர்கள் கற்க வேண்டிய பாடம் ஒன்று உண்டு. சாதாரணக் கருவிகளோடு சராசரி மெக்கானிக் பிரித்து, புரிந்துகொண்டு, சரிசெய்யக் கூடியவை இவை. ஸ்வீடனின் மற்றொரு கார் நிறுவனமான ஸாப் 2011-இல் திவாலானது. ஆயினும், உதிரி பாக வணிகம் தனி நிறுவனமாகத் தொடர்ந்ததால், அதன் கார்கள் உடனே பழைய இரும்பாகிவிடவில்லை. ஒரு காரின் ஆயுளை அதன் என்ஜின் மட்டும் தீர்மானிப்பதில்லை. உதிரி பாகமும் பழுதுநீக்கும் அறிவும் சேர்ந்தே தீர்மானிக்கின்றன.

இன்றைய கார்களிலோ பல பழுதுகளைக் கண்டறியவே தயாரிப்பாளரின் மென்பொருள் தேவைப்படுகிறது. உயிர்காக்கும் இருக்கைப் பட்டையின் காப்புரிமையைப் பிற நிறுவனங்களும் பயன்படுத்த வால்வோ அன்று அனுமதித்தது. பழுதுநீக்கும் தகவல்களிலும் அதே தாராள மனம் வேண்டும். அப்படியானால், பாதுகாப்பும் தூய்மையும் மிக்க இன்றைய கார்களையும் அரை நூற்றாண்டுக்குப் பிறகு யாரேனும் நம்பிக்கையோடு ஓட்ட முடியும்.