விண்மீன் தூரத்தை அளக்கப் பாகைமானி போதும்

பிள்ளைகளுக்கு வானியல் சொல்லித்தரும்போது ஒளியாண்டில் தொடங்குகிறோம். எண் மனதில் நிற்கிறது. அதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பது மட்டும் புரிவதில்லை. கோணத்தில் தொடங்குவதே சரி.

கையை நீட்டிக் கட்டை விரலை நிமிர்த்தி, ஒவ்வொரு கண்ணாக மாற்றி மாற்றி மூடிப் பார்த்தால் விரல் சுவரில் இடம் தாவும். முகத்தருகே கொண்டுவந்தால் தாவல் பெரிதாகும். இதுதான் இடமாறு தோற்றம். அடுத்து மைதானத்துக்குப் போகலாம். பத்து மீட்டர் இடைவெளியில் இருவர் நின்று, தங்களை இணைக்கும் கோட்டுக்கும் கொடிக்கம்பத்துக்கும் உள்ள கோணத்தைப் பாகைமானியால் அளக்கட்டும். முக்கோணவியல் தெரியாவிட்டாலும் அளவுப்படம் வரைந்தால் தூரம் கிடைத்துவிடும். நாடாவால் அளந்து பார்த்தால் விடை கொஞ்சம் பிசகியிருக்கும். இடைவெளியை இருபது மீட்டராக்கினால் பிசகு குறைவதை அவர்களே கண்டுகொள்வார்கள்.

வானியலாளர்களுக்குக் கிடைக்கும் இடைவெளி 30 கோடி கிலோமீட்டர். ஆறு மாதத்தில் பூமி சூரியனுக்கு மறுபக்கம் போய்விடுகிறதே! அப்படியும், சூரியனுக்கு அடுத்து நமக்கு மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரி, ஒரு பாகையை 3,600 பங்காக்கினால் அதில் ஒன்றரைப் பங்கு அளவே தாவுகிறது. 1838-இல் ஜெர்மானியர் பெஸல், 61 சிக்னி என்ற விண்மீனின் தாவலை அளந்து, அதன் தூரம் சுமார் பத்து ஒளியாண்டு என்றார். இன்றைய கணக்கு 11.4. தொலைநோக்கியும் பொறுமையுமாக அவர் கண்ட விடை இவ்வளவு நெருங்கி வந்தது எனக்கு இன்றும் வியப்புதான். ஐரோப்பாவின் கையா விண்கலம் இதே முறையில் நூறு கோடிக்கும் மேற்பட்ட விண்மீன்களை அளந்திருக்கிறது.

இன்னும் தொலைவுக்குப் போனால் தாவல் கண்ணுக்கு அகப்படாது. அங்கே கைகொடுத்தவர் ஹார்வர்டு ஆய்வகத்தின் ஹென்ரியெட்டா லெவிட். சிறிய மெகல்லன் மேகத்தில், சீராக மங்கி ஒளிரும் செஃபீடு விண்மீன்கள் 25-ஐ ஒளிப்படத் தகடுகளில் ஒப்பிட்டு, பிரகாசம் கூடியவை மெதுவாகத் துடிக்கின்றன என்று 1912-இல் காட்டினார். துடிக்கும் காலத்தைக் குறித்தால் உண்மையான ஒளி தெரியும். நம்மை வந்தடையும் ஒளியோடு ஒப்பிட்டால் தூரம் தெரியும். தூரம் இரு மடங்கானால் ஒளி நான்கில் ஒன்றாகும். 1923-இல் ஆண்ட்ரோமெடாவில் ஒரு செஃபீடைக் கண்ட வானியலாளர் ஹப்பிள், ஆண்ட்ரோமெடா நம் பால்வீதிக்கு வெளியே உள்ள தனி விண்மீன் திரள் என்று நிறுவினார். அதன் தூரம் சுமார் 25 லட்சம் ஒளியாண்டு. ஆனால் செஃபீடு கணக்குக்கும் அடிப்படை வேண்டும். அருகிலுள்ள செஃபீடுகளின் தூரத்தை இடமாறு தோற்றத்தால் அளந்துதான் அதைச் சரிபார்க்கிறார்கள்.

தமிழ்நாட்டில் 11-ஆம் வகுப்பு இயற்பியலில் இந்த இடமாறு தோற்ற முறை வருகிறது. ஆசிரியர்களே, அதுவரை காத்திருக்க வேண்டாம். எட்டாம் வகுப்பிலேயே ஒரு பாடவேளை ஒதுக்கிப் பிள்ளைகளை மைதானத்துக்கு அழைத்துப் போங்கள்.